இரவெல்லாம் கொதித்த கெட்டில்: டிராக்கன்ஸ்பர்க் அடிவார முகாமிடம் ஒன்றில் மின்கார் சார்ஜிங் பற்றிய நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், டர்பனிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலும் கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்திலும் அமைந்த ஒரு தனியார் முகாமிடத்தில், புரட்டாசி மாத நீண்ட வார இறுதி ஒன்றின் முதல் இரவில் நடந்தவற்றையும், அவற்றுக்கான காரணங்களையும், பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. யாருக்கும் காயமில்லை, தீயும் பற்றவில்லை. ஒரு சாக்கெட் கருகியது, நான்கு குடும்பங்களுக்கு மின்சாரம் மும்முறை நின்றது, அவற்றுள் ஒரு குடும்பத்தின் குளிர்பெட்டியில் இருந்த உணவு வீணானது. விடிந்ததும் வாய்ச்சண்டை மூண்டது. டர்பனில் முப்பது ஆண்டுகளாக மின்பணி செய்துவருபவன் என்ற முறையில், முகாமிடத்தின் உரிமையாளரான அம்மையார் என்னை அழைத்து, காரணத்தைக் கண்டு எழுத்தில் தருமாறு கேட்டுக்கொண்டார். அழைக்கும்போதே அவர் ஒரு தீர்வையும் கையில் வைத்திருந்தார். "அண்ணே, கார் சார்ஜ் பண்ணக் கூடாதுன்னு வாசல்ல ஒரு போர்டு போட்டா முடிஞ்சுபோச்சு இல்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கான விடைதான் பின்வருவது என்றும் சொல்லலாம்.

இடமும் அதன் மின்னமைப்பும்

முகாமிடத்தில் 24 கூடாரத் தளங்கள் உள்ளன. நான்கு தளங்களுக்கு ஒன்று என ஆறு மின்பெட்டிகள் நடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெட்டியிலும், கேரவன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த நீலநிற 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் நான்கு இருக்கின்றன. வேலிக்கு வெளியே கம்பத்தில் ஏற்றப்பட்ட 50 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து மும்முனை மின்சாரம் வருகிறது. 400 வோல்ட்டில் கணக்கிட்டால் ஒவ்வொரு முனைக்கும் 72 ஆம்பியர்தான் கிடைக்கும். 24 சாக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் 384 ஆம்பியர் வேண்டும். மூன்று முனைகளுக்கும் பகிர்ந்தாலும் முனைக்கு 128 ஆகிறது. இதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. உலகெங்கும் முகாமிடங்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. எல்லாரும் ஒரே வேளையில் கெட்டில் போடமாட்டார்கள், போட்டாலும் நான்கு நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு அது. நாற்பது ஆண்டுகள் அந்த நம்பிக்கை பொய்க்கவுமில்லை.

இந்த இடம் 1970-களில் அமைக்கப்பட்டது. பொதுவிடங்களை இனவாரியாகப் பிரித்த, 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்கள் வாடிக்கையாளராகக்கூட வாசல் மிதிக்க முடியாது. சட்டம் 1990-இல் நீக்கப்பட்டபின், அம்மையாரின் மாமனார் இதை விலைக்கு வாங்கினார். வாங்கியபோது மண்ணுக்கடியில் இருந்த கேபிள்களே இன்றும் இருக்கின்றன. அவை எரிவாயுக் குளிர்பெட்டியும் ஒன்றிரண்டு விளக்குகளும் வைத்திருந்த கேரவன்களை மனத்தில் கொண்டு போடப்பட்டவை.

அன்றிரவு நடந்தது

ஆறாம் மின்பெட்டிதான் டி.பி. போர்டு எனும் முதன்மை மின்பகிர்வுப் பலகையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது: கேபிளின் நீளம் 140 மீட்டர். அதைச் சூழ்ந்த நான்கு தளங்களில் மூன்றை டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளைச் சேர்ந்த உறவினர் குடும்பங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கியிருந்தன. நான்காவதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த வேறொரு குடும்பம் தங்கியிருந்தது. உறவினர்களிடம் இரண்டு மின்கார்கள் இருந்தன. இரண்டும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. உறவுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் கூடாரம் போடுவார்கள் என்பதை எந்த மின்பொறியாளரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் கார் 60 கிலோவாட்-மணி, அதாவது 60 யூனிட், பேட்டரி கொண்டது. டர்பனில் முழுதாகச் சார்ஜ் செய்து புறப்பட்டு, மாலை ஐந்தரைக்கு 20 சதவீதத்துடன் வந்து சேர்ந்தது. 240 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 40 யூனிட். நான்கு பேரும் மூட்டைமுடிச்சும் சேர்ந்து 2,150 கிலோ எடையை 1,300 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியதற்கு மட்டும் மேலும் எட்டு யூனிட் செலவாகியிருக்கும். அந்தக் காருடன் வந்த 10 ஆம்பியர் கையடக்கச் சார்ஜர், வீட்டுச் சுவரில் மாட்டும் பெரிய மூன்று உருளைமுனைப் பிளக் கொண்டது; அதை ஒரு நீல அடாப்டரிலும், 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீலிலும் இணைத்திருந்தார்கள். ரீல் முழுதும் அவிழ்க்கப்படவில்லை. தேவையான ஏழெட்டு மீட்டரை மட்டும் இழுத்துக்கொண்டு, மீதியைச் சுற்றியபடியே புல்மேல் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கார் ஆறு மணிக்கு வந்தது. அதன் உரிமையாளர் தனியே வாங்கிய சார்ஜரில் 6 முதல் 16 ஆம்பியர் வரை பொத்தானால் தேர்ந்தெடுக்கலாம். நீலப் பிளக் நேரடியாகவே பொருந்தும். விரைவில் முடியட்டும் என்று அவர் 16-ஐத் தேர்ந்தார். அதே சாக்கெட்டில் ஓர் இணைப்புத்துண்டைப் போட்டு, தம் குளிர்பெட்டியையும் மாட்டினார்.

புரட்டாசி இங்கே நுழைகிறது. தென்னாப்பிரிக்காவில் முகாம் என்றாலே, திறந்தவெளியில் இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பும் கரியும்தான். செப்டம்பர் 24 மரபு நாளுக்கே பிராய் நாள் என்று பேர் வந்துவிட்டது. ஆனால் புரட்டாசி விரதம் இருக்கும் நம் குடும்பங்கள் இறைச்சி வாட்டிய கம்பிவலையில் தங்கள் உணவைச் சமைப்பதில்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்அடுப்பில்தான். அன்று இரவு ஏழரை மணிக்கு 1.5 கிலோவாட் மின்அடுப்புகள் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. மலையடிவாரத்தில் செப்டம்பர் இரவுகள் கடுங்குளிரானவை என்பதால், நான்காம் தளத்துக் குடும்பம் 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டிருந்தது. கார்களுக்கு 10-உம் 16-உம், அடுப்புகளுக்கு 13, ஹீட்டருக்கு 9, குளிர்பெட்டிகளுக்கு ஏறத்தாழ 2 என்று கூட்டினால் 50 ஆம்பியர் வருகிறது. யாராவது கெட்டில் போட்டால் 60. அந்தப் பெட்டிக்கான பிரேக்கரோ 40 ஆம்பியர்.

பிரேக்கர் எட்டு பத்துக்கு விழுந்தது. காவலர் வந்து தூக்கிவிட்டார். ஒன்பது மணிக்கு மறுபடியும் விழுந்தது. அப்போது அவருக்கு வேறு வேலை இருந்ததால் முக்கால் மணிநேரம் அப்படியே கிடந்தது. அடுப்புகள் அணைந்தபின் தொல்லை நின்றது. நள்ளிரவில் முதல் காரின் சார்ஜிங் தானாகவே நின்றது, யாரும் கவனிக்கவில்லை. அதிகாலை இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து, நான்காம் தளத்துப் பெரியவர் எழுந்து பார்த்தபோது, இரண்டாவது காரின் சாக்கெட் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. காவலர் பெட்டி முழுவதையும் அணைத்துவிட்டார். காலை ஏழு மணிவரை மின்சாரம் இல்லை. பெரியவர் வீட்டுக் குளிர்பெட்டியில் பால், தயிர், மீன் எல்லாம் கெட்டன. முதல் காரின் உரிமையாளர், 38 சதவீதத்தில் நின்ற தம் காரைப் பார்த்து, முகாமிடத்தார் வேண்டுமென்றே தம் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நம்பினார்.

மூன்று கோளாறுகள், ஒன்றல்ல

எல்லாரும் "கார் மின்சாரத்தை இழுத்துவிட்டது" என்றே சொன்னார்கள். என் ஆய்வில் அன்றிரவு நடந்தவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் என்று தெரியவந்தது. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் நடந்தே தீர்ந்திருக்கும்.

பிரேக்கர் விழுந்ததில் மறைபொருள் ஏதுமில்லை. 40-க்கு 50 என்பது கால்பங்கு மிகை. அந்த அளவுக்குப் பிரேக்கர் உடனே விழாது, நிமிடக்கணக்கில் பொறுத்துப் பார்த்துத்தான் விழும். அதனால்தான் "சற்று முன்புவரை நன்றாகத்தானே இருந்தது" என்று மக்களுக்குத் தோன்றுகிறது. மறுநாள் நான் அதே சுமையை மீண்டும் வைத்து அளந்தபோது, டி.பி. போர்டில் 230 வோல்ட்டாக இருந்தது பெட்டியில் 214-ஆக இறங்கியது. 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 1.15 ஓம் தடை. 140 மீட்டர் போய் வர 0.32 ஓம், 50 ஆம்பியருக்கு 16 வோல்ட் வீழ்ச்சி. கணக்கும் அளவும் ஒத்துப்போயின. தென்னாப்பிரிக்க மின்னமைப்புத் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 10142-1 விதி அனுமதிக்கும் 5 சதவீத வீழ்ச்சி 11.5 வோல்ட்தான். ஆக, அந்தப் பெட்டிக்கு 40 ஆம்பியர் பிரேக்கரே பெரியது; கேபிளின் நீளத்தைப் பார்த்தால் 35-க்கு மேல் இருக்கக் கூடாது.

சாக்கெட் கருகியதுதான் ஆபத்தானது. பெட்டியைக் கழற்றிப் பார்த்ததில், நான்கு சாக்கெட்டுகளில் இரண்டுக்குப் பின்னால் 16 ஆம்பியர் பிரேக்கருக்குப் பதிலாக 20 ஆம்பியர் பிரேக்கர் இருந்தது. அடிக்கடி விழுகிறதே என்று எப்போதோ ஒரு கைவேலைக்காரர் மாற்றிவிட்டிருக்கிறார். கருகியது அந்த இரண்டில் ஒன்று. காரும் குளிர்பெட்டியும் சேர்ந்து 17 ஆம்பியர் போயிருக்கிறது. 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் 17 ஆம்பியர் மட்டும் ஒரு நல்ல சாக்கெட்டைக் கருக்கிவிடாது. நியூட்ரல் முனையின் திருகு தளர்ந்திருந்தது. உள்ளே பித்தளைப் பிடிகளும் இளகிப்போயிருந்தன.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் மின்கார் முகாமிடத்துக்குக் கொண்டுவரும் புதுமை இதில்தான் இருக்கிறது. தளர்ந்த தொடர்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கெட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். அந்த இடத்தில் 10 வாட் வெப்பம், அதுவும் நான்கு நிமிடம். சாக்கெட் இளஞ்சூடாகி ஆறிவிடும். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. காரும் குளிர்பெட்டியும் சேர்ந்து 17 ஆம்பியர் எடுக்கும்போது, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அதே இடத்தில் 29 வாட் பிறக்கிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் அது. அதை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் எட்டு மணிநேரம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடேறச் சூடேறப் பித்தளை மேலும் இளகும், தடை மேலும் கூடும். பிரேக்கரும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவியும் இதைக் காண முடியாது. மின்னோட்டம் மிகவில்லை, கசியவும் இல்லை. தரமான கையடக்கச் சார்ஜர்கள் பலவற்றில் பிளக்குக்குள்ளேயே வெப்பம் உணரும் கருவி உண்டு. இந்த மலிவுச் சார்ஜரில் அது இல்லை. இருந்திருந்தாலும், இடையில் ஓர் இணைப்புத்துண்டு நுழைந்துவிட்டதால், சூடான இடம் அதன் பார்வைக்கு எட்டாத தொலைவில் இருந்திருக்கும். அடாப்டர் போடும் எவரும் தம் சார்ஜரின் காவலைத் தாமே ஒரு முழம் தள்ளி வைக்கிறார்.

மூன்றாவது, ரீல். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 25 மீட்டருக்குப் போய் வர ஏறத்தாழ 0.67 ஓம். 10 ஆம்பியருக்கு 67 வாட். விரித்துப் போட்டிருந்தால் அந்த வெப்பம் 25 மீட்டருக்கும் பரவிக் காற்றில் போயிருக்கும். சுற்றியிருந்த பகுதியில் அது வெளியேற வழியில்லை. ரீலில் இருந்த வெப்பத் துண்டிப்பான் தன் கடமையைச் செய்தது. முகாமிடத்தார் இணைப்பைத் துண்டித்ததாக நினைத்தவருக்கு, ரீலின் சிறு சிவப்புப் பொத்தானை நான் அழுத்திக் காட்டியபின்தான் நம்பிக்கை வந்தது.

சாக்கெட்டுக்கு நேரம் தெரியாது

கிடைத்த அளவுகளை எல்லாம் வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கார்களுக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் வேண்டியிருந்தது என்பது. முதல் காரையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை வந்தது, திங்கள் காலை போகவேண்டும். திரும்பும் வழி இறக்கம்; ஏறும்போது உயரத்துக்காகச் செலவிட்ட மின்சாரத்தில் பெரும்பகுதியை இறங்கும்போது மோட்டாரே பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆகவே டர்பனை அடைய 34 யூனிட் போதும், அதாவது பேட்டரியில் 57 சதவீதம். பத்து சதவீதம் கைக்காவல் சேர்த்து 67 என்று வைத்தால், முகாமில் ஏற்றவேண்டியது 28 யூனிட். மூன்று இரவுகள், இரவுக்குப் பன்னிரண்டு மணிநேரம் என்றால் 36 மணிநேரம். மின்கார் சார்ஜிங்குக்கான பன்னாட்டு ஐ.இ.சி. 61851 தரத்தில் ஒரு சார்ஜர் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த மின்னோட்டம் 6 ஆம்பியர். அந்த 6 ஆம்பியரில், காரின் சொந்தக் கருவிகள் விழித்திருப்பதற்கான செலவு போக, பேட்டரிக்குள் மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் சேரும். 36 மணிநேரத்தில் 37 யூனிட்.

தேவைக்கு மேலேயே கிடைத்திருக்கும். யாரும் 10-உம் 16-உம் இழுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு கார்களும் 6 ஆம்பியரில் நின்றிருந்தால், அடுப்புகளும் ஹீட்டரும் எரிந்தபோதுகூடக் கூட்டல் 36-தான். 40 ஆம்பியர் பிரேக்கர் கெட்டில் ஒன்றையும் பொறுத்திருக்கும். அந்தத் தளர்ந்த திருகில் 29 வாட்டுக்குப் பதிலாக 5 வாட் பிறந்திருக்கும். மலைமேல் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்குவது கேடும்கூட: நிரம்பிய பேட்டரி, இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தருவதை ஏற்க முடியாமல் மறுத்துவிடும்.

ஓட்டுநர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நகரத்தில் மின்கார் ஓட்டுபவர்கள் "எவ்வளவு வேகமாக ஏறும்" என்று கேட்கப் பழகியவர்கள்; கார் விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். முகாமிடத்தில் காருக்கு நேரம் மிச்சமாக இருக்கிறது, கம்பிக்குத்தான் திறன் குறைவு. அதை வந்தவருக்குச் சொல்ல எந்தப் பலகையும் இல்லை.

ஏற்காத வழிகள்

தடைப் பலகையை நான் பரிந்துரைக்கவில்லை. கையடக்கச் சார்ஜர் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். கம்பி கூடாரத்துக்குள் போய் மறுபக்கமாகக் காருக்கு வந்தால் காவலருக்கு எப்படித் தெரியும்? தடை போட்டால் சார்ஜிங் நிற்காது, மிக மோசமான இணைப்புகளோடு இருட்டில் நடக்கும்.

அம்மையாரின் மகன் மறுகோடிக்குப் போனார்: வேகச் சார்ஜர் ஒன்றை நிறுவினால் நெடுஞ்சாலையில் போகிறவர்களும் வருவார்கள் என்றார். 50 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று அந்த டிரான்ஸ்ஃபார்மர் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும். அத்தகைய சார்ஜர்கள் வழியோரத்துக்கு உரியவை. 2024-ஆம் ஆண்டு இறுதியில் வடமேற்கு மாகாணத்தில் வோல்மரான்ஸ்டாட் அருகே என்12 நெடுஞ்சாலையில், மின்வலையைச் சாராமல் சூரிய ஒளியிலேயே இயங்கும் சார்ஜிங் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அரைமணி நின்று காபி குடித்துப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். மூன்று நாள் தங்குகிறவருக்கு எதற்கு?

செய்த மாற்றங்கள்

பள்ளி விடுமுறையின் இரண்டு வாரமும் மூன்று முனைகளிலும் மின்னோட்டப் பதிவுக் கருவியை மாட்டிவைத்தேன். முதல் முனையின் உச்சம் 68 ஆம்பியர், மற்றவை 41-உம் 37-உம். உச்சம் மாலை ஆறரை முதல் எட்டரை வரையும், காலை ஆறு முதல் எட்டு வரையும். இரவு பதினொன்று முதல் விடியற்காலை ஐந்து வரை எந்த முனையும் 20-ஐத் தாண்டவில்லை. அந்த ஆறு மணிநேரத்தில் சும்மா கிடக்கும் திறனைக் கூட்டினால் 200 யூனிட்டுக்கு மேல் வருகிறது. ஏழு கார்களுக்கு ஆளுக்கு முப்பது யூனிட் கொடுக்கலாம். புதிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணியிருந்த அம்மையாருக்கு இந்த வரைபடத்தைக் காட்டியபோது அவர் நம்பவே மறுத்தார்.

உச்சத்துக்குக் காரணம் கூடாரங்கள்கூட இல்லை, குளியலறைக் கீசர்கள்தான். 3 கிலோவாட் கீசர்கள் நான்கு. அவற்றுள் இரண்டு முதல் முனையில். மாலை எல்லாரும் குளித்ததும் நான்கும் ஒன்றாக எழுந்துகொள்ளும். அவற்றுக்கு நேரமானி வைத்து, நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரையும், பின்னிரவு இரண்டு முதல் நான்கு வரையும் மட்டும் சூடாகுமாறு செய்தோம். முதல் முனையின் உச்சம் 68-லிருந்து 42-ஆகவும், மற்றவற்றின் உச்சம் 28-ஆகவும் 24-ஆகவும் இறங்கின. இந்த ஆய்வில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தந்தது இந்த வேலைதான். இதற்கும் மின்காருக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

பிறகு நான்கு சார்ஜிங் கம்பங்கள் நட்டோம். அவை தளங்களில் இல்லை. நுழைவாயிலை ஒட்டிய நிறுத்துமிடத்தில், டி.பி. போர்டிலிருந்து முப்பது மீட்டருக்குள், தமக்கென்று தனிக் கேபிளுடன் உள்ளன. இரண்டாம், மூன்றாம் முனைகளில் இரண்டிரண்டு. முதல் முனையில் ஒன்றுமில்லை. இவற்றை ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி ஆள்கிறது. அது முகாமிடத்தின் மொத்த மின்னோட்டத்தை அளந்துகொண்டே, எந்த முனையும் 60-ஐத் தாண்டாதபடி கார்களுக்குப் பங்கிடுகிறது. பங்கிடும் முறை எளிது: கம்பத்திலிருந்து காருக்குப் போகும் தனிக் கம்பி ஒன்றில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை ஓடும். அந்த அலையின் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் உயர்ந்திருந்தால், கார் 6 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று பொருள். கால்பங்குக்குச் சற்று மேல் என்றால் 16. அலையின் அகலத்தைக் குறைத்தால் கார் சில நொடிகளில் அடங்கிவிடும். கையடக்கச் சார்ஜரில் மனிதர் பொத்தானை அழுத்திச் செய்வதை, இங்கே கட்டுப்பாட்டுக் கருவி நொடிக்கு நொடி செய்கிறது. பின்னிரவில் கீசர்கள் எழும்போது கார்கள் தாமாகவே சற்று இறங்கி, அவை அணைந்ததும் ஏறுகின்றன. லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நிமிடத்தில், குளிர்பெட்டிகளும் கீசர்களும் எல்லாம் ஒன்றாகப் பாயும். அப்போது கார்கள் கால்மணி நேரம் காத்திருக்குமாறும் அமைத்துள்ளோம்.

ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி எர்த் லீக்கேஜ் வைத்ததற்கு இரு காரணங்கள் உண்டு. பழைய அமைப்பில் ஒரே 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் கருவி இரண்டு மின்பெட்டிகளைக் காத்துவந்தது. ஒவ்வொரு காரின் சார்ஜரும், ஹீட்டரும், குளிர்பெட்டியும் தன் இயல்பிலேயே ஓரிரு மில்லிஆம்பியரை எர்த்துக்கு விடும். எட்டுத் தளங்களின் சில்லறைக் கசிவுகள் சேர்ந்தால், பழுதே இல்லாமல் கருவி விழும். பனி பெய்த புல்லில் வெறுங்காலுடன் நடக்கும் இடத்தில், "அது சும்மா விழுகிறது" என்று யாராவது அதைத் தவிர்த்து இணைக்கத் தொடங்கினால், அன்றைக்குத்தான் உயிர்போகும். இரண்டாவது காரணம், காரின் மின்னணுச் சாதனங்களில் பழுது ஏற்பட்டால் நேர்மின்னோட்டம் கசியக்கூடும். 6 மில்லிஆம்பியருக்கு மேல் அது கசிந்தால், சாதாரண எர்த் லீக்கேஜ் குருடாகி, உண்மையான கசிவு வரும்போதும் விழாமல் நின்றுவிடும். கம்பங்களுக்குள் இருக்கும் கருவி அந்த 6 மில்லிஆம்பியரையும் கண்டு துண்டிக்கும் வகை. பணி முடிந்ததும் முகாமிடம் முழுவதற்கும் சோதனை செய்து புதிய இணக்கச் சான்றிதழ் பெறப்பட்டது. முந்தைய சான்றிதழ் எந்த ஆண்டினது என்று எழுத அம்மையார் அனுமதிக்கவில்லை.

கம்பங்களில் கேபிளைத் தொங்கவிடவில்லை. இந்நாட்டில் செம்புக்கு இருக்கும் மதிப்பு எல்லாருக்கும் தெரியும். இரவோடு இரவாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டைப்-2 எனும் மின்கார் சாக்கெட் மட்டும் உண்டு, கேபிளை வருகிறவர் கொண்டுவர வேண்டும். சார்ஜ் ஆகும்வரை அது இருபுறமும் பூட்டிக்கொள்ளும்.

மின்பெட்டிகளில், 20 ஆம்பியர் பிரேக்கர்களை எடுத்துவிட்டு 16-ஐ மீண்டும் வைத்தோம், எல்லாத் திருகுகளையும் உரிய விசையில் முறுக்கினோம், பதினொரு சாக்கெட்டுகளை மாற்றினோம். கார்களைப் பெட்டிகளில் மாட்டுவதை முழுதாகத் தடுக்கவில்லை: கம்பங்கள் நிரம்பியிருந்தால், 6 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கக்கூடிய சார்ஜர் உள்ளவர், ரீலும் இணைப்புத்துண்டும் இல்லாமல், பெட்டிக்கு ஒரு கார் என்ற கணக்கில் மாட்டலாம். வரவேற்பறையில் கொடுக்கும் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் அது அச்சிடப்பட்டுள்ளது.

பணமும் மனத்தாங்கலும்

தளத்தின் வாடகையில் மின்சாரமும் அடக்கம் என்பது இங்கே பழைய வழக்கம். விளக்கும் குளிர்பெட்டியும் நாளொன்றுக்கு ஓரிரு யூனிட் எடுக்கும்போது அதில் யாருக்கும் குறையில்லை. ஒரு கார் ஓரிரவில் இருபது யூனிட் எடுத்தால், பக்கத்துக் கூடாரக்காரர் அதற்குப் பணம் கட்டுகிறார் என்றே ஆகிறது. அன்று காலைச் சண்டையில் மீன் கெட்ட பெரியவர் கத்தியதெல்லாம் குளிர்பெட்டியைப் பற்றித்தான். ஆனால் பேசிப் பார்த்தபோது, அவருடைய உள்மனக் குறை இதுவாக இருந்தது. அதை நியாயமற்றது என்று நான் நினைக்கவில்லை. கம்பங்களுக்கு யூனிட் கணக்கில் முன்கட்டண மீட்டர் வைத்தோம். வீட்டில் டோக்கன் எண் போட்டு மின்சாரம் வாங்கிப் பழகிய நம் மக்களுக்கு அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பங்களைத் தளத்திலிருந்து தள்ளி வைத்ததற்கு எதிர்ப்பு வந்தது. முகாமில் கார் அலமாரியாகவும் இருக்கிறது. பபூன் குரங்குகளுக்குப் பயந்து ரொட்டியையும் பழத்தையும் அதில்தான் பூட்டுகிறார்கள். இரவு எட்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டு, காலை ஆறுக்கு எடுத்துவந்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தோம். பத்து மணிநேரம் எந்தக் காருக்கும் போதும்.

அடுத்த விடுமுறையில் மூன்று இரவுகள் நான்கு கம்பங்களும் நிரம்பின. பதிவுக் கருவி காட்டிய உச்சம் 58 ஆம்பியர். எந்தப் பிரேக்கரும் விழவில்லை. ஒரு வாடிக்கையாளர் மட்டும், தம் கார் வீட்டில் ஏறும் வேகத்தில் பாதிகூட ஏறவில்லை என்று வரவேற்பறையில் முறையிட்டார். திங்கள் காலை 84 சதவீதத்துடன் இறங்கிப் போனார்.

ஆறாம் பெட்டிக்குப் போகும் 140 மீட்டர் கேபிள் இன்னும் மாற்றப்படவில்லை. அதற்குக் குழி தோண்டினால் இரண்டு தளங்களின் புல்தரையும் ஒரு பழைய மரத்தின் வேர்களும் பாழாகும் என்பதால், மழைக்காலம் முடியட்டும் என்று ஒத்திவைத்திருக்கிறோம். அதுவரை அந்தப் பெட்டியில் 35 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது, கார் மாட்ட அனுமதி இல்லை. புரட்டாசியில் அங்கே தங்குகிறவர்கள் மின்அடுப்பு ஒன்றுக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்று முன்பதிவின்போதே அம்மையார் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்.